வில்லுக்குப் 'போ', கப்பலுக்குப் 'பௌ'

அக்காவின் மகள் தரம் 10இல் படிக்கிறாள். போன கிழமை ஒரு பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் என் பக்கத்தில் இருந்து ஆங்கிலப் பாடம் ஒன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். புயலில் மாட்டிய ஒரு கப்பலைப் பற்றிய பாடம். அலை வந்து கப்பலின் முன்பக்கத்தில் அறைந்தது என்று வரும் இடத்தில், பி, ஓ, டபிள்யூ என்ற மூன்று எழுத்துச் சொல்லை அவள் 'போ' என்று வாசித்தாள். அது 'பௌ' என்று நான் திருத்தினேன். உடனே புத்தகத்தை மூடிவிட்டாள்.

"வில்லும் அம்பும் படிக்கேக்க போ எண்டுதானே சொல்லித் தந்தீங்க மாமா. பிறகு குனிஞ்சு வணங்கிறதுக்குப் பௌ எண்டீங்க. இப்ப கப்பலுக்கும் பௌ. மூண்டும் ஒரே எழுத்து. இதுக்கு விதி ஏதும் இருக்கா, இல்லாட்டி சும்மா பாடமாக்கிறதா?"

இதே கேள்வியை நானும் அவள் வயதில் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குக் கிடைத்த பதில், ஆங்கிலத்துக்கு விதி கிடையாது, பாடமாக்கு என்பதுதான். அந்தப் பதில் சரியில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் எடுத்தது. காரணம் இருக்கிறது, அதுவும் நல்ல காரணம். அன்றைக்கு அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தால் நம்முடைய முழங்கை, புயம், வீரவாகு தேவர் எல்லாம் கூடவே வருகிறார்கள்.

முதலில் வில். பழைய ஆங்கிலத்தில் வில்லுக்கு 'பொக' என்று பெயர். வளைந்தது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். அதனால் வளைந்து நிற்கும் எதற்கும் அந்தச் சொல் போய் ஒட்டிக்கொண்டது. மழைக்குப் பிறகு வானத்தில் தெரியும் வளைவு அவர்களுக்கு மழைவில், நமக்கு வானவில். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. வயலின் வாசிக்கும் குச்சியும் 'போ'தான், நாமும் அதை வில் என்றுதான் சொல்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பின்னலில் ரிப்பனை இரண்டு வளையமாக விட்டுக் கட்டும் முடிச்சும், கழுத்துப் பட்டியாகக் கட்டும் போ டையும் அந்த வளைவால் வந்த பெயர்கள்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது முழங்கைக்கான ஆங்கிலச் சொல். 'எல்போ' என்பதைப் பிரித்தால் 'எல்' என்பது கையை வைத்து அளக்கும் ஒரு பழைய நீள அளவு, 'போ' என்பது வளைவு. கை வளையும் இடம். இப்போது நம்முடைய சொல்லைப் பாருங்கள்: முழங்கை, முழம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் பூ விற்கும் அம்மா முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தைப் பிடித்து அளந்து தருகிறாரே, அதே அளவுக் கணக்குதான் பழைய ஆங்கிலேயரின் முழங்கைச் சொல்லுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. யாரும் யாரிடமும் இரவல் வாங்கவில்லை, உடம்பு ஒன்றுதானே.

சரி, இரண்டாவது சொல் குனிவது, தலை தாழ்த்துவது. பழைய ஆங்கிலத்தில் இது 'பூகன்' என்ற வினைச்சொல். வளை, குனி, பணி என்று பொருள். வில்லுக்கான 'பொக'வும் குனிவதற்கான 'பூக'னும் ஒரே வேரிலிருந்து வந்த சகோதரங்கள். ஒன்று வளைந்த பொருளுக்கு, மற்றது வளையும் செயலுக்கு. அப்படியானால் இன்றைக்கு ஏன் ஒன்று 'போ', மற்றது 'பௌ'? வேறுபாடு உயிரெழுத்தில் இருந்தது. 'பொக'வில் இருந்தது குறில் ஒ. 'பூகன்' என்பதில் இருந்தது நெடில் ஊ. அந்தச் சின்ன வித்தியாசம்தான் சில நூறு வருடத்தில் இப்படி வளர்ந்து நிற்கிறது.

நடந்தது என்னவென்றால், முதலில் இரண்டு சொல்லின் நடுவிலும் இருந்த 'க' கரைந்துபோனது. இது தமிழ்க் காதுக்கு மிக எளிதாகப் புரியும் விஷயம். அந்தக் 'க' நாம் 'அகம்' என்று சொல்லும்போது தொண்டையில் மென்மையாக வருகிறதே, கிட்டத்தட்ட அந்த ஒலி. நாம் மகன் என்று எழுதிவிட்டு ஊரில் மவன் என்று சொல்கிறோம், மகள் மவள் ஆகிறாள். க மெலிந்து வ ஆகிறது. ஆங்கிலத்திலும் அதேதான் நடந்தது, 'பொக' மெல்ல 'பொவ' ஆனது. இன்றைக்கும் அந்தச் சொல்லின் கடைசியில் டபிள்யூ நிற்பதற்கு அந்தக் கரைந்துபோன 'க'தான் காரணம்.

அடுத்தது எழுத்தில் நடந்த குழப்பம். 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுப் பழக்கத்தில் எழுதிய எழுத்தர்கள் 'ஊ' என்ற நெடிலை ஓ, யு என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து அல்லது ஓ, டபிள்யூ சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். 'பொவ' என்பதன் ஒலிக்கும் ஓ, டபிள்யூ இயல்பாகவே பொருந்தியது. ஆக, கேட்டால் வேறு வேறாக இருந்த இரண்டு சொற்கள் தாளில் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. சொல்லப்போனால் குழப்பம் வாயில் தொடங்கவில்லை, பேனாவில் தொடங்கியது.

மூன்றாவது, ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் மாறிய அந்தப் பெரிய மாற்றம். சுமார் 1400 முதல் 1700 வரை மெதுவாக நடந்தது. அதில் பழைய 'ஊ' எல்லாம் 'ஔ' ஆகிவிட்டது. வீட்டுக்கு 'ஹூஸ்' என்று இருந்தது 'ஹௌஸ்' ஆனது, பசு 'கூ' என்று இருந்தது 'கௌ' ஆனது. ஸ்கொட்லாந்தில் ஊர்ப்பேச்சில் இன்னும் 'ஹூஸ்', 'கூ' என்றுதான் சொல்வார்கள், அங்கே இந்த மாற்றம் போய்ச் சேரவில்லை. அதே அலையில் 'பூ' என்று ஒலித்த குனிவது 'பௌ' ஆனது. வில்லின் சொல்லில் 'ஊ' இல்லாததால் அந்த அலை அதைத் தொடவில்லை, அது 'போ' என்று தங்கிவிட்டது. விதை விதைப்பதற்கான சொல் 'சோ', பெண் பன்றிக்கான சொல் 'சௌ', இரண்டுக்கும் எழுத்து ஒன்று. அங்கேயும் இதே கதைதான், பன்றியின் பழைய பெயரில் 'ஊ' இருந்தது.

இப்போது கப்பலுக்கு வருவோம். திருகோணமலைக்காரருக்கு இதுதான் முக்கியம்.

கப்பலின் முன்பக்கத்தை நம் கடற்றொழிலாளர் அணியம் என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த அணியத்துக்கான 'பௌ' வளைவிலிருந்து வந்ததில்லை. கப்பலின் முன்பகுதி வளைந்துதானே இருக்கிறது, அதனால் வந்திருக்கும் என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். கரையில் இழுத்துப் போட்டிருக்கும் ஒரு ஃபைபர் போட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது வட கடல் ஓரத்து மாலுமிகளின் மொழிகளிலிருந்து, டச்சு, தாழ் ஜெர்மன், ஸ்கண்டிநேவிய மொழிகள் போன்றவற்றிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே அதற்குப் பொருள் தோள். கப்பலின் முன்பக்கம் இரண்டு பக்கமும் விரிந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறதே, அதைக் கப்பலின் தோள் என்று பார்த்திருக்கிறார்கள். இந்தச் சொல்லிலும் 'ஊ' இருந்தது, அதனால் அதுவும் 'பௌ' ஆனது.

டச்சில் இந்த இரண்டும் இன்றைக்கும் கலக்கவில்லை. கப்பலின் அணியம் 'பூக்', வில் 'போக்', எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. ஒல்லாந்தர் 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்தார்கள், இடையில் கை மாறி மாறி வந்தாலும் 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை ஒல்லாந்தர் பெயர்தான் இங்கே பெரிது. நாங்கள் இருந்து கதைத்த கடற்கரைக்கே அவர்கள் பெயர்தான். அந்தக் குடாவுக்குள் வந்த கப்பல்களில் முன்னால் நின்றவன் 'பூக்' என்று கத்தியிருப்பான். அதற்குப் பிறகு வந்த ஆங்கிலக் கப்பலில் அதே இடத்தில் நின்றவன் 'பௌ' என்றிருப்பான். ஒரே சொல்லின் இரண்டு வயது அது.

நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு கப்பலின் அணியத்தை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். எச்எம்எஸ் ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பலை மலபார்த் தேக்கால் பம்பாயில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். அதன் முதல் வரைபடங்களைக் கொண்டுவந்த கப்பல் 1812இல் அமெரிக்கருடன் நடந்த சண்டையில் பிடிபட்டதால் இன்னொரு பிரதி வரும்வரை வேலை தாமதமானது. இப்போது அது இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதந்தபடி நிற்கிறது. அணியத்தின் நுனியில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதனின் மரச்சிற்பம். கப்பலின் தோள் என்ற சொல்லை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால், அந்தத் தலைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரியும் மரப்பலகைகள் உண்மையிலேயே தோள் மாதிரித் தெரியும்.

தோள் என்று வந்துவிட்டதால் இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். கப்பலின் 'பௌ'வுக்கும் சமஸ்கிருத 'பாஹு'வுக்கும் வேர் ஒன்று. பாஹு என்றால் கை, தோள். கிரேக்கத்தில் அதே வேரிலிருந்து வந்த சொல்லுக்கு முன்கை என்றும் முழம் என்றும் பொருள், முழம் எப்படி எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறது பாருங்கள். அந்தப் பாஹு தமிழுக்கு வாகு என்று வந்தது. தோளில் அணியும் நகை வாகுவலயம். சூரன்போர் பார்த்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் வீரவாகு தேவரைத் தெரியும், வீரத் தோள் உடையவர். கப்பலின் அணியத்துக்கும் முருகனின் தளபதிக்கும் பெயரில் ஒரு துண்டு பொது. இதை மருமகளிடம் சொன்னபோதுதான் மூடிய புத்தகத்தைத் திரும்பத் திறந்தாள்.

வளைவதற்கான மற்ற 'பௌ'வும் வெறுங்கையோடு வரவில்லை. சொற்பிறப்பு அகராதிகள் அதைச் சமஸ்கிருதத்தின் 'புஜ்' என்ற வேரோடு சேர்த்துக் காட்டும். வளைதல் என்று பொருள். அதிலிருந்து வந்தது புஜம், மடங்கி வளைவது என்பதால் கைக்கு அந்தப் பெயர். நம் புராணப் பாட்டுகளில் அது புயம் ஆகிறது. பாம்புக்குப் புஜங்கம் என்று பெயர் வந்ததும் வளைந்து வளைந்து போவதால்தான், யோகாசனம் செய்பவர்களுக்குப் புஜங்காசனம் தெரியும். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் காட்டி, இருபது புயத்தாலும் மலையைத் தூக்கப் பார்த்தான் என்று நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்தப் புயத்துக்குள் இருப்பதும் வில்லுக்குள் இருப்பதும் ஒரே வளைவு.

இப்போது முழுப் படத்தையும் வைத்துப் பார்த்தால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்று தெரிகிறது. வில்லின் 'போ'வும் குனிவதன் 'பௌ'வும் ஒலியில் வேறு, ஆனால் கூடப்பிறந்தவை. குனிவதன் 'பௌ'வும் கப்பலின் 'பௌ'வும் ஒலியில் ஒன்று, ஆனால் அந்நியர். காதை நம்பினால் உறவு தப்பிப்போகும், கண்ணை நம்பினாலும் தப்பிப்போகும். பழைய வடிவத்தைத் தேடிப் போனால்தான் யார் யாருக்கு உறவு என்று தெரியும்.

வளைவின் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'பைட்' என்று ஒரு ஆங்கிலச் சொல், கடலோரம் உள்வளைந்து போகும் இடத்துக்கும் கயிற்றின் வளைவுக்கும் அதைச் சொல்வார்கள். 'பூகன்' என்பதன் நேரடி உறவு அது. நம் கொட்டியாரக்குடா அப்படியொரு வளைவுதான். 1659இன் கடைசியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த ஒரு ஆங்கிலக் கப்பல் அந்தக் குடாவுக்குள் ஒதுங்கியதால்தான், அதில் வந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி கண்டி அரசனின் ஆட்களிடம் மாட்டிக் கிட்டத்தட்ட இருபது வருடம் இந்தத் தீவை விட்டுப் போக முடியாமல் இருந்தார். திருகோணமலை என்ற பெயருக்குப் பல விளக்கம் சொல்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை, ஆனால் தமிழில் கோணு என்றால் வளை, கோணல் அதிலிருந்து வந்தது என்பதை மட்டும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தை இப்படி அலசும்போது, தமிழில் எழுதியபடி வாசிப்போம், இந்தச் சிக்கல் நமக்கு இல்லை என்று ஒரு பேச்சு வரும். எனக்கு அது உடன்பாடில்லை. பாவம் என்று எழுதினால் அது செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா? இரண்டாவதைச் சொல்லும்போது உதட்டில் வரும் முதல் ஒலி வேறு. கதை என்றால் அம்மம்மா சொல்லும் கதையா, வீமன் கையில் இருக்கும் கதையா? தானம் கொடுப்பதும் பாட்டில் தானம் பாடுவதும் தாளில் ஒன்று, வாயில் வேறு. காரணமும் ஆங்கிலத்தில் நடந்ததற்கு மிகக் கிட்ட வருகிறது. வேறு வேறு ஒலியோடு வந்த சொற்களை ஒரே எழுத்துக்குள் அடக்கினோம். அப்புறம் பிள்ளைக்கு இடம் பார்த்து வாசி என்று சொல்லித் தருகிறோம், அவளும் ஒரு நாளும் அதைக் கஷ்டம் என்று சொன்னதில்லை.

அவள் கேட்டது விதி. நான் கொடுத்தது இதுதான்: பொருள் வளைந்தபடியே இருந்தால் போ, ஆள் குனிந்தால் பௌ, கப்பலின் அணியம் பௌ. வில், ரிப்பன் முடிச்சு, வானவில், முழங்கை, வளைந்த கால் எல்லாம் போ. மேடையில் பாடி முடித்துச் சபைக்குத் தலை தாழ்த்துவதும், ஒரு தீர்ப்புக்குப் பணிந்து போவதும் பௌ. கப்பலை மறக்காமல் இருக்க நம்மிடம் ஒரு பழஞ்சொல் இருக்கிறது, சங்கப் பாட்டுகளில் கடலுக்குப் பௌவம் என்று ஒரு பெயர். ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஆனால் பௌவத்தில் போவது பௌ என்று வைத்துக்கொண்டால் பரீட்சை மண்டபத்தில் கை கொடுக்கும்.

விதி வழுக்கும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பாரம் தாங்காமல் ஒரு பலகை நடுவில் வளைகிறது என்றால் அதை ஆங்கிலேயரே போ என்றும் சொல்கிறார்கள், பௌ என்றும் சொல்கிறார்கள். வில் மாதிரி ஆகிவிட்டதாகப் பார்த்தால் முதலாவது, பாரத்துக்குப் பணிந்ததாகப் பார்த்தால் இரண்டாவது. அதில் பிழை பிடிக்கக் கூடாது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வரும் வெள்ளைக்காரரில் சிலர் கைகூப்பி 'ஆயுபௌவன்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சிங்களத்தில் அது ஆயுபோவன், ஓகாரம் தெளிவாக வரும். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிய பலகையைப் பார்த்து வாசிப்பவருக்கு நடுவில் நம்முடைய பி, ஓ, டபிள்யூ தெரிகிறது, தலை வேறு குனிகிறது, அதனால் வாய் தானாகப் பௌ என்று போய்விடுகிறது. அவர்களைத் திருத்தும்போது சிரிக்காமல் திருத்துங்கள், அவர்களுடைய மொழி அவர்களுக்குப் பழக்கியது அது.

நாங்கள் எழும்பும்போது கரையில் ஒரு அண்ணன் போட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் நுனியில் ஒரு கண்ணி விட்டு, எவ்வளவு இழுத்தாலும் இறுகாத மாதிரி முடிச்சுப் போட்டார். ஆங்கில மாலுமிகள் அந்த முடிச்சை 'போலின்' என்பார்கள். எழுத்தில் அது அணியத்தின் அதே மூன்று எழுத்தும் கயிறு என்ற சொல்லும் சேர்ந்தது. பாயின் ஓரத்தை அணியத்தின் பக்கம் இழுத்துக் கட்டும் கயிற்றின் பெயர் அது, அங்கிருந்து முடிச்சுக்கு வந்தது. அணியத்தின் சொல்தான், ஆனால் பௌ இல்லை, போ. ஒரே துண்டாக இரவல் வந்த சொல் என்பதால் அது தன் பழைய ஒலியை விடவில்லை. அணியத்திலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையோ இங்கிலாந்தில் பெரும்பாலும் 'போஸ்பிரிட்' என்கிறார்கள், அமெரிக்காவில் 'பௌஸ்பிரிட்' என்கிறார்கள். இதைச் சொன்னதும் மருமகள் நின்று என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவைக்கே தெரியாதா மாமா?"

"தெரியும். ரெண்டும் சரி எண்டு தெரியும்."

பாடத்தைத் திரும்ப எடுத்து, அலை மோதிய அந்த வரியைப் பௌ என்று வாசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.